கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா, சார்?

போன மாதம் என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு போட்டோ வேண்டும். எடுத்து முடித்த பையன் அவள் முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். மவுஸில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்... “கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா, சார்?”

இருபது வருஷத்துக்கு முன்னால், இதே கேள்வியை அவள் அம்மாவின் படத்தைக் காட்டி இன்னொரு ஸ்டூடியோக்காரர் கேட்டிருக்கிறார். அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நல்ல கறுப்பு. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பார்கள் உறவுக்காரர்கள். அந்த ‘இருந்தாலும்’ அவளை எவ்வளவு குத்தியிருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. “நல்லா பிரைட்டாவே போடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் வந்தது. வாங்கிப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்காண்ணா. இவளுக்கே மாப்பிள்ளை பாரு” என்று மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாசத்தில்தானே செய்தேன்... அதில் என்ன தப்பு? ரொம்ப நாள் இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

கேமரா பொய் சொல்லாது என்பார்கள். அதன் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் விசாரித்தால் வேறு கதை கிடைக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் கோடக் கம்பெனி, கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பத் தொடங்கியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். கோடக்கிலேயே வேலை பார்த்த ஷெர்லி பேஜ்தான் முதலில் நின்றவர். பிறகு பெண்கள் மாறினார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. ‘ஷெர்லி கார்டு’ என்றே ஆகிவிட்டது. சில கார்டுகளில் ‘நார்மல்’ என்றே அச்சடித்திருந்தார்கள். ஷெர்லியின் முகம் சரியாக வரும்வரை லேப்காரர் மெஷினைத் திருகுவார். வந்துவிட்டால் உலகமே சரியாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், கறுப்புக் குழந்தைக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் மிஞ்சும்.

இது எப்படி மாறியது தெரியுமா? கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத், கோடக்கில் வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். மர நாற்காலி, மேஜை விற்பவர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் புகார் செய்தார்களாம். ‘தேக்கு எது, வேறு மரம் எது என்று விளம்பரத்தில் தெரியவில்லை. மில்க் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் ஒரே மாதிரி விழுகிறது’ என்கிற ரகப் புகார்கள். அதற்குப் பிறகுதான் பழுப்பு நிறங்களுக்காக ஃபிலிமைத் திருத்துவதில் கம்பெனி மும்முரமானது. மனிதர் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மிட்டாய்க்குக் கிடைத்தது!

சரி, கறுப்பு முகம் தெளிவாக விழுந்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பர்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் ஒட்டும் படங்களை எடுக்க போலராய்டு கருவிகள் பயன்பட்டன. படம் நிமிஷத்தில் தயார், முகமும் தெளிவு. எதற்கு? ஆளைப் பிடிப்பதற்கு. 1970-ல் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கியவர்கள் போலராய்டில் வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பர்கள். 1977-ல் கம்பெனி அந்த நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

அதே தென்னாப்பிரிக்காவில் 1972-ல் பிறந்தவர் ஸனேலே முஹோலி என்ற புகைப்படக் கலைஞர். 2012-லிருந்து தன்னைத்தானே கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துவருகிறார். வரிசையின் பெயர் ‘சோம்ன்யாமா ங்கோன்யாமா’. ஜூலு மொழி. ‘கறுப்புப் பெண் சிங்கமே, வாழ்க’ என்று பொருள். முஹோலியின் அம்மா பெஸ்டர், வெள்ளைக்காரர் வீட்டில் வேலைசெய்து பிள்ளைகளை வளர்த்தவர். அவர் நினைவாக எடுத்த படம் ஒன்றில், துணி காயப்போடும் கிளிப்புகளையே கிரீடம் மாதிரி தலையில் சூடிக்கொண்டு நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார் முஹோலி.

இதில் ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. அந்தப் படங்களில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, தன் தோலை இருப்பதைவிடக் கறுப்பாக்கிக்கொள்கிறார் அவர். பறிபோன கறுப்பை மீட்டுக்கொள்கிறேன் என்பது அவர் கட்சி.

அப்படியானால் அவரும் திருகியிருக்கிறார், நானும் திருகியிருக்கிறேன். அவர் படம் கலை, என் படம் மட்டும் பொய்யா? யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் ரொம்பச் சின்னது. அவர் தன் முகத்தைத் திருகினார். நான் இன்னொருத்தி முகத்தை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருகினேன். யாரோ வைத்த ‘நார்மல்’ கார்டு என் தலைக்குள்ளும் இருந்திருக்கிறது. ‘நீ இப்படி இருந்தால் போதாது’ என்று என் பாசம் அவளிடம் சொல்லிவிட்டது. அதுவும் பிரிண்ட் போட்டு!

அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. தங்கையே வேறொரு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்தார்.

ஸ்டூடியோ பையன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட ஏம்பா கேக்கறே... அவ முகம், அவகிட்ட கேளு” என்றேன்.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து, தன் முகத்தைத் தானே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

“கலர் அப்படியே இருக்கட்டும்ண்ணா. இந்தப் பருவை மட்டும் எடுத்துடுங்க!”