கல்லும் சபையும்

விடுமுறைக் காலங்களில் ஆலயங்களைத் தேடிச் செல்லும் வழக்கம் நம் இறைமக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பரங்கிமலையில் போர்த்துகீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயம், கோவளத்தில் 1808-இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயம், அச்சிறுபாக்கத்து மழைமலை மாதா திருத்தலம் என ஒரே நாளில் பலவற்றைத் தரிசித்துத் திரும்புகிறோம். இது நல்ல வழக்கமே. முன்னோர் செபித்த இடத்தில் முழந்தாளிடும்போது, விசுவாசம் நம்மோடு தொடங்கியதன்று என்னும் உண்மை உள்ளத்தில் பதிகிறது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஆலயத்தைக் கண்டவர் திருச்சபையைக் கண்டவர் ஆவாரா?

இதற்கு விடை தேட, காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்திரமேரூருக்குச் செல்வோம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஊர்ச்சபை கூடிய முறையைச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். அச்சுவரை இன்று உலகம் போற்றுவது அதன் உயரத்திற்காக அன்று; அங்கே கூடிய மக்கள் தமக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கிற்காகவே.

திருச்சபையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கட்டடத்தைக் குறிப்பதன்று. அழைக்கப்பட்டுக் கூடிய மக்களையே குறிக்கும். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டபோது, அவர்களுக்கென ஓர் ஆலயம் இருக்கவில்லை. பிரிஸ்காவும் அக்கிலாவும் தங்கள் வீட்டிலேயே சபையைக் கூட்டினர். பேதுருவின் முதல் திருமுகம் விசுவாசிகளையே உயிருள்ள கற்கள் என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், திருஆட்சியாளரைக் குறித்த அதிகாரத்திற்கு முன்பே இறைமக்களைக் குறித்த அதிகாரத்தை வைத்தது.

ஆயினும் உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே குடத்தில் பெயர் இடத் தகுதியுடையோர். நிலமற்று உழைத்த கைகளுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. இதைக் கேட்டு நாம் விரைந்து தீர்ப்பிட வேண்டாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஆலயத்திற்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கு 80 ஆண்டுகளுக்குப் பின்னரும், தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்காகத் தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புச் சுவரைக் கடப்பாரை இடிக்கும். உள்ளத்துச் சுவரை எது இடிக்கும்?

ஆகவே ஆலயம் தேடிச் செல்வோர் தம் வழியைச் சற்றே திருப்பலாம். சிற்றூர்களின் ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் வேய்ந்த சிற்றாலயங்கள் நம் பயண நிரலில் இடம்பெறுவதில்லை. திருப்பலி நாள்தோறும் இல்லாத இடத்தும், உபதேசியார் செபமாலை சொல்ல மக்கள் கூடுகின்றனர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் இனச் சலுகைகளை இழந்தும், விசுவாசத்தை இழக்காதவர்கள் அங்கே உள்ளனர். பெரிய திருத்தலமாயினும் சிற்றாலயமாயினும் நாம் கேட்க வேண்டியவை சிலவே. திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை செல்கிறது? வாசகம் வாசிப்பவர் யார்? கல்லறையில் அனைவர்க்கும் ஒரே மண்தானா? பங்கின் கணக்கு யார் முன் வைக்கப்படுகிறது?

ஆலயத்தின் அழகு வீண் என்று நாம் சொல்லவில்லை. ஏழைகளும் தம் உழைப்பில் ஒரு பங்கை ஈந்தே கோபுரம் எழுப்பினர். அது அவர்களுடைய செபம். ஆனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் நிழலில் நிற்பவரைக் காணாது திரும்பினால், நாம் பார்த்தது கல்லை மட்டுமே. ஞாயிறு திருப்பலிக்குச் சென்று, அவர்களோடு பாயில் அமர்ந்து, திருப்பலி முடிந்தபின் அவர்கள் தரும் தேநீரை அருந்தி வருவோம். திருச்சபையைக் கண்டோம் என்று அப்போது சொல்லலாம்.