அன்னாள் வாய் திறந்தாள்

(தியானப் பகுதி: 1 சாமுவேல் முதலாம் அதிகாரம்)

 

பள்ளிக்கூடத்தில் படுகிற பாட்டை அநேகம் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. நிறத்தைச் சொல்லிக் கேலி, ஜாதியைச் சொல்லிக் கேலி. பிறகு யாரோ கட்டிவிடுகிற கதை: "அவ அவனோட பேசினாளாம்!" மத்தியானம் வகுப்பில் பிறந்த பேச்சு சாயங்காலம் தெருவுக்கு வந்துவிடுகிறது. பெற்றோரும் விசாரிக்காமலே, "படிச்சது போதும்" என்று பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். பிசாசுக்கு எவ்வளவு லேசான வேலை பார்த்தீர்களா!

அன்னாளைப் பாருங்கள். பெனின்னாள் வருஷா வருஷம் அவளைக் குத்திப் பேசினாள். அன்னாள் அழுதாள், சாப்பிடவில்லை. ஆலயத்துக்குப் போனால், அங்கே ஆசாரியனாகிய ஏலி அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டிலே கேலி, ஆலயத்திலே பழி!

அன்னாள் என்ன செய்தாள்? கர்த்தரிடத்தில் அழுது ஜெபித்தாள். அதோடு நிற்கவில்லை. ஏலியிடம் மரியாதையாக, "அப்படி இல்லை ஐயா" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஏலியும் பிடிவாதம் பிடிக்காமல் கேட்டார், ஆசீர்வதித்து அனுப்பினார்.

பிள்ளைகளே, "ஜெபம் பண்ணினால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று இருந்துவிடாதீர்கள். ஜெபிக்கிற அதே வாயால் அம்மாவிடம் சொல்லுங்கள், நம்புகிற டீச்சரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்கள்.

சொன்ன பிள்ளையைப் பெரியவர்கள் தனியே விடவும் கூடாது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் ஜாதியின் பேரால் கொடுமைப்படுத்தினார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். பள்ளியில் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். "பார்த்தீங்களா, சொன்னதால வந்த வினை" என்று பேசாதிருங்கள். சொன்ன பிள்ளையைச் சுற்றி நாம் காவலாக நிற்க வேண்டும் என்பதே நமக்குப் பாடம். அந்தப் பிள்ளை பிழைத்தெழுந்து, 2024-ல் பொதுத் தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். பழிச்சொல்லும் அரிவாளும் அவன் படிப்பை முடித்துவைக்க முடியவில்லை!

பெற்றோரே, நம் போடியில் விடியுமுன்னே ஜீப் ஏறி, மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய வந்து சேருகிற தாய்மார் எத்தனை பேர்! களைப்பு இருக்கும், மெய்தான். ஆனாலும் பிள்ளை சோற்றைத் தள்ளினால், காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால், அடிக்காதிருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை என்று எல்க்கானா கேட்டானே! உங்கள் பிள்ளையே பெனின்னாளாக இருந்தால் அதையும் விசாரித்துத் திருத்துங்கள்.

சபையாரே, ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிக்கிற நாம், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிய பேச்சை மட்டும் அப்படியே அள்ளிக்கொள்ளலாமா? ஜெபக் குறிப்பு என்ற பேரிலும் வதந்தி பரவும், ஜாக்கிரதை!

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, கூனிக்குறுகி நிற்கிற பிள்ளைகளுக்கு வாய் திறக்கத் தைரியம் தாரும். எங்களுக்குக் கேட்கிற செவியையும், அவர்களோடு நிற்கிற கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!