கல்மரத்தின் வயதை யார் பார்த்தார்?

அறிவியல் அருங்காட்சியகங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் விரும்பிச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மனப்பாடத்தில் மூச்சுத் திணறும் வகுப்பறைகளுக்கு அது விடுதலை வாக்காகக் கேட்கிறது. 1660இல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டியும், எவர் சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்பதையே தன் குறிக்கோள் வாசகமாக வைத்துக்கொண்டது. ஆனாலும் அந்த அறிவுரை முழு உண்மை அன்று. அதை மட்டும் கொடுத்தனுப்பினால், மாணவர் கேட்கும் முதல் கூர்மையான கேள்விக்கே ஆசிரியர் திணறிப்போவார். பிறர் சொல்லைக் கேட்டு அறிவது அறிவாகுமா, ஆகும் என்றால் எப்போது ஆகும் என்ற பழைய மெய்யியல் கேள்வியை எதிர்கொள்ளாமல் அறிவியல் ஆசிரியரைப் பயிற்றுவிக்க முடியாது என்பதே என் வாதம்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை எடுத்துக்கொள்வோம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட அந்த அடிமரம் 18 மீட்டருக்கு மேல் நீளமானது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று பரவலாகக் குறிக்கப்படுகிறது. அங்கே அழைத்துச் செல்லப்படும் ஆசிரியர் கண்ணால் காண்பது மரத்தின் வடிவம் கொண்ட ஒரு கல்லை மட்டுமே. மரம் கல்லானது அனுமானம்: நீரில் கரைந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து இறுகியது என்று இன்று நடக்கும் வினைகளைக் கொண்டு முடிவுக்கு வருகிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பதோ அனுமானத்தோடு பலருடைய சொல்லையும் சேர்த்துக் கட்டியது. அந்த வட்டாரத்துத் தொல்லுயிர் எச்சங்களை 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் அங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின்னர் ஸ்டோலிச்கா அவற்றின் எச்சங்களை நூல் நூலாக வகைப்படுத்தினார். அங்கே கிடைக்கும், அழிந்துபோன கடலுயிரியான அம்மோனைட்டின் ஓடுகளைப் பிற நாட்டு அடுக்குகளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுக் காலவரிசை நிறுவப்படுகிறது. வட அமெரிக்காவில் அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதை அளந்துதான் ஆண்டுக்கணக்கு வருகிறது. இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் தன் கண்ணால் பார்த்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. கல்மரத்தின் முன் நின்றுகொண்டு “பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்” என்று சொன்னால், பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்ததாக நடிக்கச் சொல்கிறோம்.

கண்ணுக்குப் புலப்படுவது மட்டுமே அறிவு என்ற நிலைப்பாட்டைத் தமிழ் மரபு வெகுகாலத்துக்கு முன்பே விசாரித்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில், காட்சியை மட்டுமே அறியும் அளவையாக ஏற்கும் பூதவாதியிடம், தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்றும் வலு குறையவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்கினார். நியாய மரபோ உரையை நம்பத்தக்கவர் சொல் என்று வரையறுத்தது. அம்மரபின் மூலநூலுக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் உணர்ந்து, உணர்ந்தபடியே சொல்ல விரும்புகிறவர் நம்பத்தக்கவர் என்றும், முனிவருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொதுவே என்றும் விளக்கினார். சொல்பவரின் குலத்தையும் பதவியையும் ஒதுக்கிவிட்டு, அறிந்தாரா, உண்மையாகச் சொல்கிறாரா என்ற இரண்டை மட்டும் கேட்கும் அந்தத் தெளிவு, இன்றைய ஆசிரியர் பயிற்சிக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அறிவியலும் பிறர் சொல்லில்தான் நிற்கிறது என்று ஆசிரியருக்குச் சொன்னால், “நீங்கள் நம்புவது உங்கள் நூலை, நாங்கள் நம்புவது எங்கள் நூலை” என்று பரிணாமத்தை மறுப்பவர்களுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகாதா? இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. 2023இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதும், 1800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் அண்மை நிகழ்வுகள். ஆனால் இரண்டு நம்பிக்கைகளும் சொல்லைச் சார்ந்தவை என்பதால் அவை ஒரே வகையாகிவிடுவதில்லை. சித்தியார் ஏற்கும் உரை இறைவனின் சொல். குற்றமற்றவனிடமிருந்து வந்தது என்பதால் அது பிழையற்றது. அறிவியலின் உரையோ குற்றமுள்ள மனிதர்களின் சொல். பிழை நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் அமைத்துவைத்திருப்பதால்தான் அது நம்பிக்கைக்குத் தகுதி பெறுகிறது.

இதற்கு அருங்காட்சியகங்களின் வரலாறே சான்று. 1912இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு, மனித மூதாதையுடையது என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக அறிஞர்களாலேயே கொண்டாடப்பட்டது. 1953இல் அது மோசடி என்று அம்பலமானது. மனித மண்டையோட்டுத் துண்டுகளோடு குரங்கினத் தாடை ஒன்றைச் சாயமேற்றிச் சேர்த்துவைத்திருந்தார்கள். எலும்பில் ஏறியிருக்கும் ஃபுளூரின் அளவை வைத்துப் பழமையைச் சோதித்து அதை வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையான கென்னத் ஓக்லி அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். அறிவியலின் மானம் போன கதையென்று இதைப் பயிற்சிகளில் மறைக்கக் கூடாது. முதல் பாடமாகவே வைக்க வேண்டும். 41 ஆண்டுகள் தவறு நீடித்தது என்பதையும், அந்த எலும்புகள் பெட்டகத்தில் காக்கப்பட்டதால்தான் அவற்றை மறுபடி எடுத்துச் சோதிக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்சிப்பொருளை அருங்காட்சியகம் காப்பதன் ஆழமான நியாயம் இதுதான்: நேற்றைய முடிவை நாளை ஒருவர் வந்து எதிர்த்துக் கேட்க, பொருள் அங்கே இருக்க வேண்டும்.

செய்முறையே போதாதா, மெய்யியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் நிறுவிய எக்ஸ்ப்ளோரடோரியம், தொட்டு இயக்கிப் பார்க்கும் கல்விக்கு முன்னோடி. 1984 முதல் ஆசிரியர்களுக்கென்றே அங்கே ஒரு பயிற்சி அமைப்பு இயங்குகிறது. அதில் பங்கேற்ற ஆசிரியர்கள் காட்சிக்கூடக் கருவிகளை எளிய பொருள்களால் வகுப்புக்கேற்பச் சிறிதாகச் செய்து, செய்முறைகளை நூலாகவும் தந்தார்கள். அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தானே ஒரு கருவியைச் செய்து, அது ஓடாமல் போய், காரணம் தேடும் ஆசிரியருக்கு ஓர் அளவீடு எவ்வளவு உழைப்பில் கிடைக்கிறது என்பது விளங்கும். அந்த விளக்கம் இருந்தால்தான், தான் செய்யாத ஆயிரம் அளவீடுகளில் எதை நம்பலாம் என்று எடைபோட முடியும். ஆகவே செய்முறை, பிறர் சொல்லை மதிப்பிடும் திறனுக்கான பயிற்சி. அந்த நோக்கத்தைப் பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், ஆசிரியர் கைவேலை ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வீடு திரும்புவார்.

ஆசிரியரின் சமய நம்பிக்கையை அருங்காட்சியகம் என்ன செய்வது? அதைப் பறிப்பது அருங்காட்சியகத்தின் வேலை அன்று. அதற்காகப் பாறையின் வயதைக் குறைத்துச் சொல்வதும் அதன் வேலை அன்று. உலகம் யாருக்காக, எதற்காக என்ற கேள்விக்குக் கல்மரம் விடை சொல்லாது. எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கு நிச்சயம் சொல்லும். பின்னிரண்டு கேள்விகளில் எந்த நூலும் எந்தப் பேராசிரியரும் சோதனைக்கு விலக்குப் பெற முடியாது. திருநீறு பூசிய ஆசிரியரும், சிலுவை அணிந்தவரும், ஐவேளை தொழுகிறவரும், கடவுள் மறுப்பாளரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே அம்மோனைட்டைப் பற்றி வாதாட இந்த ஒரு விதி போதும்.

பாடத்திட்டச் சுமையில் இதற்கு நேரம் ஏது என்பது நடைமுறைச் சிக்கல், உண்மையான சிக்கலும்கூட. ஆனால் இதற்குப் புதிய பாடம் தேவையில்லை. ஏற்கெனவே நடத்தும் ஒவ்வொரு தகவலோடும் “இது எப்படித் தெரிந்தது, தவறாக இருந்தால் எப்படித் தெரியவரும்?” என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும். அவற்றுக்கு விடை சொல்லப் பழகிய ஆசிரியர், தெரியாத இடத்தில் தெரியாது என்று அச்சமின்றிச் சொல்வார். அவரிடம் படிக்கும் பிள்ளை, பார்க்க முடியாததையெல்லாம் மறுக்கவும் மாட்டாள். அச்சிட்டு வந்ததையெல்லாம் விழுங்கவும் மாட்டாள். பொய்ச் செய்தி கைப்பேசி வழியே வீடு தேடி வரும் காலத்தில், அந்தப் பிள்ளைக்குப் பள்ளி தரக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.