இடது பக்கத்து ஆள்

அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். காந்தி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கியதும் நண்பர் சலித்துக்கொண்டார். “ஏசிக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துத்தான் இங்கே விலை போடுவான். வா, தறி வீட்டுக்கே போயிடலாம்” என்று ஏனாத்தூருக்கு அழைத்துப்போனார்.

ஏனாத்தூர் என்றால் இன்று பலருக்கும் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பெயரில் இருப்பது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க மாணவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிற அந்தச் சாலையிலிருந்து உள்ளே இரண்டு தெரு நடந்தால் வேறு உலகம். டக்... டக்... என்று தறிச் சத்தம்.

நாங்கள் போன வீட்டில் மகன் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் குழிக்குள். கால் மிதியை அழுத்த, கை நாடாவை ஓட்ட, பக்கத்தில் இன்னொரு பையன் கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கைகோத்துக்கொள்ள வேண்டும்.

திண்ணையில் அவருடைய அப்பா. எண்பது வயதைத் தாண்டியவர். முதுகு இன்னமும் நேராக இருந்தது. காது மட்டும் மந்தம். நான் குழியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டுச் சொன்னார்.

“இந்தக் குழியில இறங்குறப்பல்லாம் எனக்கு டாங்க் ஞாபகம்தான் வரும் தம்பி.”

தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நண்பர்தான், “ஐயா மிலிட்டரி” என்றார்.

சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு ஏராளமாக ஆள் எடுத்தார்கள் அல்லவா, அப்போது 1963-ல் சேர்ந்தவர். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அகமத்நகரில் பயிற்சி. 1965 செப்டம்பரில், சியால்கோட் பகுதியில், செஞ்சுரியன் டாங்கி ஒன்றில் இருந்தார். பில்லோரா, சவிண்டா என்ற ஊர்களைச் சுற்றி நடந்த அந்தச் சண்டை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த மிகப் பெரிய டாங்கிப் போர்களில் ஒன்று என்று சொல்வார்கள்.

“நீங்க டாங்க் ஓட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல. குண்டு போட்டுக் கொடுத்தேன்.”

அவர் விவரித்ததைச் சொல்கிறேன். சுமார் 50 டன் இரும்பு. அதற்குள் நான்கு பேர். முன்னால் கீழே டிரைவர். மேலே சுழலும் கூண்டுக்குள் மூன்று பேர். பீரங்கிக்கு வலது பக்கம் குறி பார்க்கிறவர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் கமாண்டர். பீரங்கிக்கு இடது பக்கம் இவர், லோடர். குண்டு எடுத்துக் கொடுப்பதோடு வயர்லெஸ் பெட்டியும் இவர் பொறுப்பு.

கமாண்டர் இன்ன குண்டு என்று கத்துவார். பதினைந்து இருபது கிலோ எடையுள்ள குண்டை இழுத்து, பீரங்கியின் பின்வாயில் செருகி, கையை முஷ்டியாக மடக்கித் தள்ள வேண்டும். விரலை நீட்டித் தள்ளினால் மூடி விரலோடு மூடிக்கொள்ளும். உடனே ஒதுங்கி, “லோடட்!” என்று குரல் கொடுக்க வேண்டும். அடுத்த நொடி பீரங்கியின் பின்பாகம் யானை பின்வாங்குவதுபோல உள்ளே பாயும். தள்ளி நிற்காதவன் தோள்பட்டை போச்சு. காலியான பித்தளைக் குப்பி புகையோடு காலடியில் விழும். மருந்து நெடி, பெட்ரோல் வாடை, நாலு பேர் வேர்வை. மூத்திரம் வந்தால்கூட அந்தக் குப்பிதான்.

“வெளிய என்ன நடக்குதுன்னு தெரியுமா?”

“எனக்கா? ஒண்ணும் தெரியாது” என்று சிரித்தார். “டிரைவருக்கு ரோடு தெரியும். கன்னருக்கு அந்தக் கண்ணாடி வழியா ஒரு வட்டம் தெரியும். கமாண்டருக்குத்தான் எல்லாம் தெரியும். எனக்கும் ஒரு பெரிஸ்கோப் இருந்துது. எட்டிப் பாக்க எங்க நேரம்? ராத்திரி ஆனப்புறம் ‘இன்னிக்கு ரெண்டு’ன்னு கமாண்டர் சொல்வாரு. ஓ, ரெண்டான்னு கேட்டுக்குவேன்.”

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பழைய சிப்பாயின் கதையாக முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

போர் ஓய்ந்த பிறகு, எரிந்து நின்ற ஒரு பாட்டன் டாங்கியைப் பார்க்க இவர்கள் நான்கு பேரும் போனார்களாம். மூடி திறந்திருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இவர் கண் தானாக இடது பக்கம் போயிருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “அலுமினியக் குவளை ஒண்ணு மாட்டியிருந்துது. நான் மாட்டிவெக்கிற அதே இடம்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அவங்க டாங்க்லயும் என் இடத்துல ஒருத்தன் இருந்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. அவனும் வெளிய பாத்திருக்க மாட்டான்.”

அந்த டாங்கியை அடித்தது இவர்களுடைய குண்டா, பக்கத்து டாங்கியின் குண்டா? யாருக்கும் தெரியாது. பல டாங்கிகள் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தன. குறி பார்த்தவரிடம் கேட்டிருக்கிறார். “நான் பட்டனை அழுத்தினேன். சொன்னது கமாண்டர்” என்றாராம். கமாண்டரிடம் கேட்க தைரியம் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் தனக்கு மேலே இருந்தவரைக் காட்டியிருப்பார்.

இந்த இடத்தில்தான் எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. ஒரு காரியத்தை நான்கு பேர் பங்கு போட்டுச் செய்தால் பொறுப்பும் நான்காகப் பிரியுமா?

பிரியும் என்றால் கணக்கு எங்கே நிற்கும்? உள்ளே இருப்பவர்கள் நான்கு பேர். வெளியே குண்டு கொண்டுவந்து இறக்கியவர், பெட்ரோல் நிரப்பியவர், படத்தில் கோடு போட்டுக் காட்டிய அதிகாரி, டெல்லியில் கையெழுத்திட்டவர், வரி கட்டிய நாம். ஆள் சேரச் சேரப் பங்கு சிறுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். செத்தவன் மட்டும் முழுசாகச் செத்திருப்பான்.

ஊருக்குள் நடக்கிற குற்றங்களுக்குச் சட்டம் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. பலர் ஒரே எண்ணத்தோடு ஒரு குற்றத்தைச் செய்தால், அவர்களில் ஒவ்வொருவரும் தனியாளாக அதைச் செய்ததுபோலவே பொறுப்பு என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையேதான் சொல்கிறது. கத்தியைப் பிடித்தவனுக்கும் கையைப் பிடித்தவனுக்கும் ஒரே கணக்கு. போர்க்களத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, சரி. ஆனால் மனசுக்குள் ஒரு நீதிமன்றம் இருக்கிறதே, அது எந்தச் சட்டத்தைப் பின்பற்றும்?

நான் சும்மா இருக்காமல், “ஐயா, அதைக் கொலைன்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கொலைன்னு சொல்லாதீங்க தம்பி. நாங்க சுடலைன்னா அவன் சுட்டிருப்பான். என் டாங்க்ல நாலு பேரு. எங்க பின்னாடி எத்தனையோ பேரு. நான் செஞ்சது தப்புன்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா அது என் கணக்குல இருக்கு. அவ்வளவுதான் சொல்றேன். தப்பு வேற, கணக்கு வேற.”

தப்பு வேறு, கணக்கு வேறு. அந்த வார்த்தை இன்றுவரை என்னை விடவில்லை.

நாமெல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள். தப்பு இல்லை என்று நிரூபித்துவிட்டால் கணக்கும் தீர்ந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். ‘நான் என்ன செய்ய முடியும், மேலே இருந்து உத்தரவு’ என்கிறார் வீட்டை இடிக்க வந்த அலுவலர். ‘ஃபைலில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது’ என்கிறார் இன்னொருவர். அவர்கள் சொல்வது பல நேரங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உண்மை அவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் பயன்படுகிறது.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் தேரை இரண்டு சேனைகளுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான், யாரோடு போரிடப்போகிறோம் என்று பார்ப்பதற்காக. பார்த்தான். தாத்தாவும் ஆசிரியரும் அண்ணன் தம்பிகளும் தெரிந்தார்கள். வில் நழுவியது. முகம் தெரிந்ததால் வந்த தவிப்பு அது. முகமே தெரியாதவனுக்குத் தவிப்பு வருமா என்றால், வருகிறது. அறுபது வருஷமாக ஒரு நெசவாளிக்கு வந்துகொண்டிருக்கிறது.

முகம் தெரிந்தவர்களுக்காவது ஒரு வழி உண்டு. 1971 டிசம்பர் 16-ம் தேதி பசந்தர் போரில், அருண் கேத்தர்பால் என்ற 21 வயது அதிகாரி, தீப்பிடித்த டாங்கியை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று மறுத்து, சண்டையிட்டே இறந்தார். பரம்வீர் சக்ரா அளித்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2001-ல், அவருடைய அப்பா, அவரும் ஓய்வுபெற்ற பிரிகேடியர், தான் பிறந்து வளர்ந்த மண்ணைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் குவாஜா முகமது நாசர் என்ற பாகிஸ்தான் பிரிகேடியர். ஊர் திரும்புவதற்கு முன்பு அந்த முதியவரிடம் நாசர் சொன்னார்: உங்கள் மகன் இறந்தது என் கையால்.

நாசரும் தப்புச் செய்ததாகச் சொல்லவில்லை. அவரும் தன் நாட்டுக்காக நின்ற சிப்பாய். ஆனாலும் அந்தக் கணக்கை முப்பது வருஷம் வைத்திருந்து, உரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஏனாத்தூர்ப் பெரியவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வார்? அலுமினியக் குவளையின் சொந்தக்காரனுக்குப் பெயர் என்ன?

“அப்போ என்னதான் பண்ணீங்க?”

“போர் நின்ன ரெண்டொரு நாள்ல மகாளய அமாவாசை வந்துது. அங்க எள்ளுக்கு எங்க போறது? வெறும் தண்ணியத்தான் கையில எடுத்து விட்டேன். ஊருக்கு வந்தப்புறம் வருஷா வருஷம் சர்வ தீர்த்தக் குளத்துல அப்பா, தாத்தா எல்லாருக்கும் எள்ளும் தண்ணியும் இறைச்சிட்டு, கடைசியில அவனுக்கும் ஒரு கை. பேர் தெரியாது. அவங்க மதத்துல இதெல்லாம் உண்டான்னும் தெரியாது. ‘இடது பக்கத்து ஆள்’னு சொல்லிட்டு விட்டுடுவேன்.”

பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தார். அங்கேயும் விஷயம் விடவில்லை. பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அந்துப்பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியே வந்தால் ஒரே நீளமாக இருக்கும் இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். இந்தக் காரணத்துக்காகவே காஞ்சிப் பெரியவர், பட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டே, பட்டு வேண்டாம் என்று சொல்லிவந்தார்.

“அவர் சொன்னது காதுல விழுந்துது. யோசிச்சுப் பாத்தேன். புழுவை நான் கண்ணால பாத்தது கூட இல்ல. பெங்களூர்ப் பக்கம் எங்கயோ வேக வெக்கிறாங்க. என் கைக்கு வர்றப்ப அது வெறும் நூலு. இங்கயும் நான் லோடர்தான்!” பெரிதாகச் சிரித்தார். “விட முடியல தம்பி. பசங்க இருந்தாங்க. வேற தொழில் தெரியாது. அதுவும் கணக்குல இருக்கு.”

வாங்கித் தின்ன ஆள் இல்லையென்றால் கொன்று விற்க ஆள் இருக்க மாட்டான் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் எப்போதோ இந்தக் கணக்கை நம் வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். நான் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவன். தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். ஏனாத்தூரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஆவடி. 1965 முதல் அங்கே டாங்கி செய்கிறார்கள். முதலில் விஜயந்தா, பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா. பெயரெல்லாம் நமக்குப் பழக்கமான பெயர்கள்தான். விஜயந்தாவிலும் அர்ஜுனிலும் நான்கு பேர். அஜேயாவிலும் பீஷ்மாவிலும் மூன்றே பேர். பெரியவர் இருந்த இடத்தில் ஆள் கிடையாது. குண்டை எடுத்துப் போட ஓர் இயந்திரம் வந்துவிட்டது. விரல் நசுங்கும் பயம் இல்லை, தோள்பட்டை போகும் பயம் இல்லை. ஒரு தாயின் பிள்ளை அந்த இரும்புக்குள் போகாமல் தப்பித்தான் என்றால் நல்லதுதான்.

ஆனால் அந்த இயந்திரம் அமாவாசைக்குக் குளத்துக்குப் போகாது.

விஞ்ஞானம் ஒவ்வோர் இடமாக ஆளை எடுத்துக்கொண்டே வருகிறது. இப்போது ஆளே இல்லாத விமானங்கள் குண்டு போடுகின்றன. சுடுகிறவர் எங்கோ ஓர் அறையில், நாற்காலியில். ஆள் குறையக் குறைய வேலை குறையாது என்பது தெரிந்ததுதான். கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் மட்டும் குறைந்துபோவார்கள்.

பெரியவரின் மகன் தறியிலிருந்து எழுந்து வந்து மூன்று புடவைகளை விரித்துக் காட்டினார். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, அரக்குக் கரை. அக்கா மகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று தெரியும். எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் வந்திருக்க வேண்டுமோ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தபோது பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்திக்காட்டும் பார்வை இல்லை. வரிசையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த புது ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது புடவைப் பெட்டி மடியில் இருந்தது. நண்பர், “கனமா இருக்கா, இங்கே கொடு” என்றார்.

“பரவாயில்ல, நானே வெச்சுக்கறேன்” என்றேன்.