வீட்டுக்காரர் முஃப்லிஸ் ஆகிவிட்டால்...



வீட்டுக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், பள்ளிப்பட்டில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இரண்டு கவலை. வீடு என்னாகும்? அட்வான்ஸ் என்னாகும்?

1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படி, நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் அவர் சொத்து நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ சேரும். பிறகு வாடகையை அங்கே செலுத்தி ரசீது பெற வேண்டும்.

ஷரீஅத் என்ன சொல்கிறது? வீட்டை விற்றாலன்றிக் கடன் தீராது என்றால், காழி வாடகை ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, வீடு கைமாறினாலும் தவணை முடியும்வரை குடியிருக்கும் உரிமை நிற்கும்.

வீட்டுக்காரர் செலவழித்துக்கொள்ளச் சம்மதித்துக் கொடுத்த அட்வான்ஸ், அவர்மீது கடனே. பழம் வாங்கி நஷ்டப்பட்ட ஒருவருக்கு ஸதகா கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அதுவும் போதாதபோது, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுமாறு கடன் கொடுத்தவர்களிடம் சொன்னார்கள். ஆகவே அட்வான்ஸ் முழுதும் திரும்பாமலும் போகலாம்.

வீட்டுக்காரர்களே! மூழ்கப் போவதை அறிந்தும் மறைத்துப் புதிய அட்வான்ஸ் வாங்குவது மோசடியல்லவா? குடியிருப்போரே! கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது பகரா 282ஆம் வசனம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. அட்வான்ஸ் தொகையை அதில் எழுதுங்கள். திவால் வழக்கு வந்தால் அதைக் காட்டி உங்கள் கடனைப் பதியுங்கள். நொடித்தவருக்கு அவகாசம் தரச் சொல்லும் 280ஆம் வசனத்தையும் மறவாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.