தரையில் இருக்கும் செஞ்சி

திண்டிவனத்தில் மேற்கே திரும்பியதும் காருக்குள் பேச்சு குறைந்துவிட்டது. பின்சீட்டில் பிள்ளைகள் தூக்கம். இருபக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள். செஞ்சி நெருங்க நெருங்கப் பாறைகள் தொடங்குகின்றன. உருண்டை உருண்டையாக, ஒன்றின் மேல் ஒன்று, பிடிப்பே இல்லாததுபோல் நிற்கின்றன. அடுக்கிய ஆள் கிடையாது. வெயிலும் மழையும் பொடித்துக் கரைத்ததுபோக மிச்சம் இவை.

திருவண்ணாமலைச் சாலை கோட்டையின் ஊடாகவே போகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி மலை, இடப்பக்கம் ராஜகிரி மலை. இரண்டையும் சந்திரகிரியோடு சேர்த்து வளைத்த மதிலின் சுற்றளவு பதின்மூன்று கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதைக் கிழித்துக்கொண்டு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தினமும் போகிறவருக்கு இது கோட்டையா என்ன, ஒரு வளைவுதானே.

*

இந்த ஊரில் எவரைக் கேட்டாலும் தேசிங்கு ராஜன் கோட்டை என்றுதான் சொல்வார்கள். கட்டத் தொடங்கியவர்கள் கோனார்கள் என்பார்கள். பெரிதாக எழுப்பியவர்கள் நாயக்கர்கள். பிறகு பிஜப்பூர்காரர்கள், 1677-இல் சிவாஜி, அப்புறம் மொகலாயர். தேசிங்கு ஆண்டதோ ஓர் ஆண்டுகூட நிறையாது. 1714-இல், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துக் களத்தில் விழுந்தார். அவருக்குக் கதைப்பாட்டு உண்டு, தெருக்கூத்து உண்டு. அவர் குதிரைக்குக்கூடக் கதையில் பெயர் நிலைத்திருக்கிறது. வென்ற நவாபின் பெயரில் கோட்டைக்குள் ஒரு மசூதி நிற்கிறது. பாட்டு இல்லை.

ஒன்று கவனித்தேன். பாட்டுப் பெற்றவர் கோட்டையை விட்டு வெளியே போனவர். இவ்வளவு மதிலும் அகழியும் இருக்க, வெட்டவெளியில் போய்ச் செத்தவர். உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களை யாரும் பாடவில்லை.

*

உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689-இல் இங்கே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். 1698 வரை இழுத்தது. எட்டு ஆண்டு! இடையில் மொகலாயர் பாளையத்திலேயே பஞ்சம் வந்தது. முற்றுகையிட்டவருக்கும் பசி, உள்ளே இருந்தவருக்கும் பசி. கடைசியில் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். மனைவியரும் பிள்ளைகளும் கோட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

கோட்டை என்றதும் நமக்கு வாளும் பீரங்கியும் நினைவுக்கு வருகின்றன. உள்ளே இருந்தவர்களுக்கு அது முக்கால்வாசியும் காத்திருப்பு. இன்று சண்டை இல்லை, நாளைக்கும் இல்லை. ஆனால் இன்றைக்கு உலை வைத்தாக வேண்டும்.

*

அம்மாவுக்கு முழங்கால் வலி. மலை ஏறமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "நீங்க ஏறிட்டு வாங்க, நான் நெழல்ல இருக்கேன்" என்றார். அண்ணன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராஜகிரிப் பக்கம் போனார். நான் அம்மாவோடு இருந்துவிட்டேன்.

கல்யாண மகாலின் முற்றத்தில் நின்று அம்மா அண்ணாந்து பார்த்தார். சதுரமான மாடிகள் மேலே மேலே குறுகிக் கூம்பில் முடிகின்றன. சுற்றிலும் வளைவு வளைவாக அறைகள். ராணிகள் இருந்த இடம் என்றேன். அம்மா கேட்டது வேறு: "இம்மாம் ஒசரத்துக்குத் தண்ணி எப்படிப் போச்சு?"

சுடுமண் குழாய்! வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மேல்மாடி வரை குழாய் பதித்துத் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வளர்ந்தவர் அவர். ராஜாக்கள் பெயர் ஒன்றும் அவரை அசைக்கவில்லை, குழாய் அசைத்தது.

அங்கிருந்து நெற்களஞ்சியம். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே நுழைந்ததும் இருட்டும் குளிர்ச்சியும் வவ்வால் வாடையும். சுவரின் கனம் வாசலில் நின்றாலே தெரிகிறது: கையை நீட்டினால் மறுவிளிம்பு எட்டவில்லை. அம்மா சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு தரையைக் காலால் தேய்த்தார். ஈரம் ஏறுமா என்று பார்த்தாராம். "நெல்லுக்குன்னு செலவு பாக்காம கட்டியிருக்கான்" என்றார். வரலாற்றுப் புத்தகங்களில் நான் படித்த எந்தப் பாராட்டும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

*

மேலே போனவர்கள் வேர்வையில் நனைந்து திரும்பினார்கள். உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டைக்கு வழி இல்லை என்று சின்னவன் மூச்சுவிடாமல் சொன்னான். மேலே ரங்கநாதர் கோயில் இருக்கிறதாம். தண்ணீர் பாட்டிலைக் குரங்கு பிடுங்கிக்கொண்டதுதான் பெரிய செய்தி.

புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கும் வெங்கடரமணர் கோயிலுக்குக் கடைசியாகப் போனோம். செஞ்சியிலேயே பெரிய கோயில். கோபுரமும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்த கல்தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறவை செஞ்சித் தூண்கள்தான். அங்கே சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

*

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. இனிக் கூட்டம் வரும். வருகிறவர்கள் உச்சியைத்தான் குறிவைப்பார்கள். ஏறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முட்டிவலிக்காரரையும் வயதானவரையும் காரிலேயே உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், மசூதி, வெங்கடரமணர் கோயில் எல்லாமே மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. கையில் தண்ணீரும் ஒரு குடையும் போதும். அவர்களை உள்ளே அழைத்துப் போங்கள். என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள்.