செவிச் சோதனை சொல்லாதது

பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் கரையூர்களிலும் மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்து மணமுடிக்கும் வழக்கம் உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1091) இவ்வுறவைத் திருமணத் தடையாகக் கொள்கிறது; தக்க காரணமிருப்பின் ஆயர் விலக்களிக்கலாம். அக்குடும்பங்களில் பிறவிக் கேளாமை உண்டெனில், மணமக்களின் செவியைச் சோதித்து உண்மையை அறியலாகாதா?

அறிய இயலாது. துறவி மெண்டல் 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கிய மரபு விதியே பெரும்பாலும் இங்கும் செயல்படுகிறது. பழுதுற்ற மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் உடையவருக்குச் செவி பொதுவாக நன்றாகவே கேட்கும். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கேளாமை நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கனெக்சின் 26 போன்ற மரபணுக்களை ஆராயும் இரத்தச் சோதனையே இதைக் காட்டவல்லது. நலமான செவியைச் சான்றாகக் காட்டுவது பொய்யான ஆறுதல்.

அவ்வாறாயின் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா? நமக்கு உடன்பாடில்லை. ஒரு பெண்ணைப் பற்றிய சொல் ஒரே நாளில் ஊரெங்கும் பரவும். குற்றமற்ற அவளது வாழ்வு முடங்கும். கேளாதோர் பிறவாதிருப்பதே நலம் என்று நாம் பேசினால், கோவிலில் நம்மோடு மன்றாடும் கேளாத சகோதரனுக்கு என்ன மறுமொழி கூறுவோம்?

ஆயினும் மறைப்பதும் அன்பன்று. மணச் சம்மதம் முழுமையாக வேண்டுமெனில், ஓலை வாசிக்குமுன் அறிந்ததை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும். சோதனை வேண்டுமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் காதுகேளாதவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றே குணமாக்கினார். இவ்வுண்மைக்கும் அத்தனிமை உரியது. செவிச் சோதனைக்கு உரிய இடமோ தொட்டில்: பிறந்த முதல் மாதத்திலேயே அதைச் செய்வோம், கேளாத பிள்ளைக்கு மொழி காலந்தாழ்த்தாது கிடைக்கட்டும்.